த்ரீ நாட் த்ரீயில் காலிக் கூடு துள்ளாவிட்டால்: லீ-என்ஃபீல்டு ரைஃபிளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

சுட்டபின் போல்ட்டை, அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் கைப்பிடி வைத்த உருளையை, பின்னால் இழுத்தால் தோட்டாவின் காலிக் கூடு வலது பக்கம் துள்ளி, ஓரடி தள்ளியாவது விழ வேண்டும். என் லித்கோ ரைஃபிளில் அது சோர்ந்துபோய் உருண்டு மேகசின் (தோட்டாக்கள் இருக்கும் பெட்டி) மேலேயே படுத்துக்கொண்டது. விரலால் தட்டி வெளியே தள்ளிவிட்டு அடுத்த தோட்டாவை ஏற்றினேன். இரண்டு மாதம் இப்படியே ஓட்டினேன். ஒருநாள் கூட்டைத் தள்ள மறந்து போல்ட்டை முன்னால் தள்ள, காலிக் கூடும் புதுத் தோட்டாவும் ஒன்றன்மேல் ஒன்று சிக்கிக்கொண்டன. அன்றைக்குத்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன்.

ரைஃபிள் 1942இல் ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலையில் செய்த எஸ்எம்எல்இ (ஷார்ட் மேகசின் லீ-என்ஃபீல்டு) நம்பர் 1 மார்க் 3 ஸ்டார். நம் ஊரில் போலீஸ்காரர் தோளில் பார்த்த அதே த்ரீ நாட் த்ரீ குடும்பம்தான். வங்காளத்தின் இஷாப்பூர் ஆலையிலும் இதே வகை ரைஃபிள் செய்தார்கள். கீழே சொல்வது பெரும்பாலும் நம்பர் 1, அதற்குப் பின் வந்த நம்பர் 4 இரண்டுக்கும் பொருந்தும். வேறுபடும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

கையை வைக்கும் முன்

மேகசினைக் கழற்றுங்கள். போல்ட்டைத் திறந்து சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டுவிரலை விட்டும் தடவிப் பாருங்கள். உயிருள்ள தோட்டா எதுவும் நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே இருக்கக் கூடாது. வீட்டில் செய்யும் எல்லாச் சோதனைக்கும் வெடிமருந்து இல்லாத டம்மி தோட்டாவும் காலிக் கூடும் போதும். "ஒரே ஒரு தோட்டா போட்டுப் பார்த்துவிடலாம்" என்ற எண்ணம் வந்தால் வேலையை அத்தோடு நிறுத்திவிட்டு, மிச்சத்தைச் சுடுதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

போல்ட் கைப்பிடியில் உள்ள எண்ணும் ரிசீவரில் (போல்ட் ஓடும் உடற்பகுதி) உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று இப்போதே பாருங்கள். எண் வேறாக இருந்தால் யாரோ போல்ட்டை மாற்றியிருக்கிறார்கள். கூடு துள்ளுவது இருக்கட்டும், ஹெட்ஸ்பேஸ் அளவு (மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) சரியா என்று ஒரு துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டும்வரை அந்த ரைஃபிளைச் சுடாதீர்கள்.

கூடு எப்படித் துள்ளுகிறது

இது புரியாமல் எதையும் கழற்றக் கூடாது. எனக்குப் புரியாமல் போனதால்தான் முதலில் தப்பான திருகைப் போட்டு முறுக்கினேன்.

போல்ட்டின் நுனியில் தனியாகத் திருகிச் சேர்த்திருக்கும் துண்டு போல்ட் தலை. அதன் வலப்பக்கத்தில் ஒரு சிறு கொக்கி இருக்கிறது, அதுதான் எக்ஸ்ட்ராக்டர். தோட்டாவின் அடிவிளிம்பைப் பிடித்து இழுப்பது அதன் வேலை. கொக்கியை உள்நோக்கி அழுத்திக்கொண்டிருப்பது 'வி' வடிவத்தில் மடித்த ஒரு தட்டை ஸ்பிரிங். நகத்தின் நீளம்கூட இருக்காது.

ரிசீவரின் இடது சுவரில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதன் நுனி உள்ளே லேசாக நீட்டிக்கொண்டிருக்கும். அது எஜெக்டர் திருகு. பெயரைக் கேட்டதும் கூட்டை வெளியே எறிவது இதுதான் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். காலிக் கூட்டைப் பொறுத்தவரை முக்கிய வேலை இதனுடையது அல்ல. போல்ட் பின்னால் வரும்போது கொக்கி கூட்டின் அடியை இடது சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டே வருகிறது. கூட்டின் வாய் சேம்பருக்குள் இருக்கும்வரை அதனால் திமிர முடியாது. வாய் வெளியே வந்த நொடியில், அதுவரை தேங்கியிருந்த ஸ்பிரிங்கின் விசை கூட்டை வலது பக்கமாகச் சுண்டிவிடுகிறது. காலிக் கூட்டின் நீளம் சுமார் 56 மில்லிமீட்டர். போல்ட் முழுதாகப் பின்னால் வருவதற்கு முன்பே அது விடுபட்டுப் பறந்துவிடும்.

சுடாத முழுத் தோட்டாவின் நீளம் 78 மில்லிமீட்டர். குண்டின் நுனி முன்னால் இன்னும் மாட்டிக்கொண்டிருப்பதால் அது சீக்கிரம் விடுபடாது. போல்ட் கடைசிவரை வந்ததும் அதன் அடி எஜெக்டர் திருகில் இடிக்கிறது, அந்த இடியில்தான் வெளியேறுகிறது. திருகு இருப்பது முக்கியமாக இதற்காக. போல்ட்டை மெதுவாக இழுக்கும்போது காலிக் கூட்டுக்கும் துணையாக நிற்கும்.

ஆகவே வீட்டில் டம்மி தோட்டாவைப் போட்டுப் பார்த்து "நன்றாகத்தானே வெளியேறுகிறது" என்று நினைத்தால் அதில் பாதி உண்மைதான் தெரியும். காலிக் கூட்டையும் தனியாகச் சோதிக்க வேண்டும்.

அறிகுறி: காலிக் கூடு வெளியே வருகிறது, ஆனால் துள்ளாமல் மேகசின் மேல் விழுகிறது

பத்தில் எட்டுப் பேர் இந்தப் புகாரோடுதான் வருவார்கள். சந்தேகப்பட வேண்டியது எக்ஸ்ட்ராக்டர் ஸ்பிரிங்கை, அல்லது எக்ஸ்ட்ராக்டர் அசைய முடியாமல் அடைத்துக்கொண்டிருக்கும் அழுக்கை. இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள், அதற்குக் காசு செலவில்லை.

போல்ட்டை வெளியே எடுங்கள். நம்பர் 1இல் போல்ட்டை முழுதாகப் பின்னால் இழுத்து, போல்ட் தலையின் வலப்பக்கத்தைக் கட்டைவிரலால் மேலே நெம்பினால் தடத்தைவிட்டுக் கிளம்பும். அப்புறம் போல்ட் முழுதாகப் பின்வழியே உருவி வந்துவிடும். நம்பர் 4இல் ஒரு சிறு பிடியை அழுத்த வேண்டும். நம்பர் 4 மார்க் 1 ஸ்டார் ரகத்தில் பிடி இல்லை, தடத்திலேயே வெட்டு இருக்கும். போல்ட் தலையை இடச்சுழியாகத் திருகினால் தனியே வரும்.

இப்போது கொக்கியை நகத்தால் வெளிப்பக்கம் நெம்பிவிட்டுப் பாருங்கள். படக்கென்று திரும்ப வேண்டும். என்னுடையது மெல்ல, யோசித்து யோசித்துத் திரும்பியது. பல்குத்தும் குச்சியை மண்ணெண்ணெயில் நனைத்து கொக்கிக்கு அடியில் விட்டுச் சுரண்டினேன். கருப்பும் பச்சையும் கலந்த பசை வந்தது. வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தால் உள்ளே பித்தளைத் துகள் மினுங்கியது. கிடங்கில் வைக்கும்போது பூசிய கிரீஸ் பல பத்தாண்டுகளில் இறுகி, ஒவ்வொரு கூட்டிலிருந்தும் உரிந்த பித்தளையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. குச்சி சுத்தமாக வரும்வரை நாலைந்து முறை செய்தேன். கடைசியில் துடைத்துவிட்டு ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டேன். அதிகம் விட்டால் மறுபடி அழுக்கைத்தான் பிடிக்கும்.

சுத்தம் செய்த பிறகு ஒரு சோதனை. தனியே எடுத்த போல்ட் தலையில் காலிக் கூட்டின் விளிம்பைக் கொக்கிக்குள் நுழையுங்கள். கூட்டின் வாய் கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு லேசாக உலுக்குங்கள். கூடு போல்ட் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். தலை தொங்கினாலோ கழன்று விழுந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. முடிந்தால் நன்றாக வேலை செய்யும் இன்னொரு ரைஃபிளின் போல்ட் தலையில் அதே கூட்டை வைத்து ஒப்பிடுங்கள். விரலுக்கே வித்தியாசம் தெரியும். பார்த்து முடித்ததும் அவரவர் போல்ட் தலை அவரவர் ரைஃபிளுக்கே திரும்பிப் போக வேண்டும்.

ஸ்பிரிங் மாற்றுவது சின்ன வேலைதான். எக்ஸ்ட்ராக்டரைப் பிடித்திருக்கும் திருகைக் கழற்றினால் கொக்கி வெளியே வரும், அதன் பின்னால் ஸ்பிரிங். காடியில் சரியாக உட்காரும் ஸ்க்ரூடிரைவரையே பயன்படுத்துங்கள். நுனி தேய்ந்ததைப் போட்டுத் திருகினால் காடி சிதைந்துவிடும். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு பழைய துண்டை விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். ஸ்பிரிங் எகிறினால் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். பழைய ஸ்பிரிங் எந்தப் பக்கமாக உட்கார்ந்திருந்தது என்று கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழையதையும் புதியதையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதியதன் இரண்டு கால்களும் நன்றாக விரிந்திருந்தன. என் ரைஃபிளில் இருந்ததன் கால்கள் ஏறக்குறைய மூடிக்கிடந்தன, மடிப்பில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசலும் இருந்தது. பழையதையே நெம்பி விரித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் அதே மடிப்பில் உடையும். சூடேற்றி வளைப்பது அதைவிட மோசம், பதமே போய்விடும். ஒரு புது ஸ்பிரிங்கின் விலைக்காக இந்த வீண்வேலை வேண்டாம்.

கொக்கியின் முனையையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஓரம் கூராக, சீராக இருக்க வேண்டும். மழுங்கியோ சிதறியோ இருந்தால் எக்ஸ்ட்ராக்டரையே மாற்றுங்கள். அரத்தால் தீட்டிக் கூராக்கினால் கொக்கி குட்டையாகிவிடும், பிடி இன்னும் குறையும். புதியதை மாட்டித் திருகை இறுக்கிய பிறகும் அது தடையில்லாமல் அசைகிறதா என்று பாருங்கள்.

போல்ட் தலையைத் திரும்ப மாட்டும்போது கடைசிவரை திருகி, போல்ட்டோடு சரியான நேர்கோட்டில் நிறுத்துங்கள். ஒரு சுற்று குறைவாக நின்றாலும் அந்த ரைஃபிளைச் சுடுவது ஆபத்து.

அறிகுறி: காலிக் கூடு நன்றாகப் பறக்கிறது, சுடாத தோட்டா மட்டும் வெளியேறாமல் தயங்குகிறது

இங்கேதான் எஜெக்டர் திருகின் முறை வருகிறது. போல்ட்டை எடுத்துவிட்டு, ரிசீவருக்குள் ஒரு சிறு டார்ச் அடித்து இடது சுவரைப் பாருங்கள். திருகின் நுனி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தேய்ந்து சுவரோடு சமமாகிவிட்டதா, வளைந்ததா, உடைந்ததா என்று பாருங்கள். திருகே இல்லாமல் வெறும் ஓட்டை மட்டும் இருக்கும் நம்பர் 4 ரைஃபிள்களையும் பார்த்திருக்கிறேன். காலிக் கூடு ஒழுங்காகத் துள்ளிக்கொண்டிருந்ததால் உரிமையாளருக்கே தெரியாது.

திருகு தளர்ந்து வெளியே வந்திருந்தால் திரும்ப இறுக்கினாலே போதும். மாற்ற வேண்டுமானால் அந்த ரைஃபிளுக்கென்றே செய்த திருகைத்தான் வாங்க வேண்டும். கடையில் கிடைக்கும் மெட்ரிக் மரை இதற்குப் பொருந்தாது, வலுக்கட்டாயமாக முறுக்கினால் ரிசீவரின் மரை பாழாகும். துருப்பிடித்து அசையாமல் இருந்தால் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒருநாள் முழுக்கக் காத்திருங்கள்.

அறிகுறி: கூடு சேம்பரிலேயே தங்கிவிடுகிறது, கொக்கி மட்டும் வெறுங்கையாகத் திரும்புகிறது

கூட்டின் விளிம்பைப் பாருங்கள். கொக்கி பிடித்த இடத்தில் பிறாண்டிய தடம் இருந்தால், கொக்கி தன்னால் முடிந்தவரை இழுத்திருக்கிறது, கூடு விடவில்லை என்று பொருள். குற்றம் சேம்பரிலோ தோட்டாவிலோ இருக்கிறது. தடமே இல்லாவிட்டால் கொக்கி சரியாகப் பிடிக்கவே இல்லை, முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள்.

கூடு விடாததற்கு முதல் காரணம் துரு. போர்க்காலத் தோட்டாக்களின் பிரைமரில் (தோட்டாவின் அடியில் தீ மூட்டும் சிறு மூடி) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடாகப் படியும். நம் சமையல் உப்பின் பங்காளி. காற்றின் ஈரத்தை இழுத்து, ஒரே இரவில் சேம்பரையும் குழலையும் அரித்துவிடும். எண்ணெயில் இது கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் பிரிட்டிஷ் சிப்பாய்கள் புனல் வைத்துக் குழலுக்குள் கொதிநீர் ஊற்றிக் கழுவினார்கள். பழைய தோட்டா சுட்டால் நீங்களும் அதையே செய்யுங்கள்: கொதிநீர், பிறகு உலர்ந்த துணி, பிறகு எண்ணெய். நீரின் சூட்டில் உலோகம் தானே காய்ந்துவிடும் என்பது கூடுதல் வசதி.

சேம்பரைச் சுத்தம் செய்ய குழலுக்கான தூரிகை போதாது, அது அகலம் குறைவு. சேம்பருக்கென்றே அகலமான தூரிகை கிடைக்கும். கரைப்பானில் நனைத்து, பின்பக்கத்திலிருந்து விட்டுச் சுழற்றுங்கள். முடித்ததும் உலர்ந்த துணியால் எண்ணெய்ப் பசையில்லாமல் துடையுங்கள். கூடு வழுக்கி வரட்டும் என்று சேம்பரில் எண்ணெய் விடுவது தவறு. வெடிக்கும்போது பித்தளைக் கூடு சேம்பரின் சுவரைக் கவ்விப் பிடிப்பதால்தான் பின்னுதையின் ஒரு பகுதி போல்ட்டைச் சேராமல் நிற்கிறது. எண்ணெய் இருந்தால் கவ்வல் போய், முழுச் சுமையும் போல்ட் மேல் விழும்.

துடைத்த பிறகும் கூட்டின் உடம்பில் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளிகள் பதிந்து வந்தால் சேம்பரில் குழி விழுந்துவிட்டது. மெருகேற்றுவதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

இன்னொரு காரணம், நீங்களே திரும்ப நிரப்பிய தோட்டா. இந்த ரைஃபிள்களின் சேம்பரைத் தாராளமாகக் குடைந்திருப்பார்கள். அதில் சுட்ட கூடு அந்தச் சேம்பரின் வடிவத்துக்கு ஊதிவிடும். அதன் கழுத்தை மட்டும் சீராக்கி அதே ரைஃபிளில் பயன்படுத்தினால் சரி. நண்பரின் ரைஃபிளில் சுட்ட கூட்டை அப்படியே உங்களுடையதில் போட்டால் இறுகும். வெடிமருந்து கூடினாலும் இறுகும்: போல்ட் கைப்பிடியைத் தூக்கவே பலம் வேண்டியிருந்தால், பிரைமர் தட்டையாகியிருந்தால், அந்தத் தோட்டாக்களை அத்தோடு நிறுத்துங்கள். கைப்பிடியைச் சுத்தியலால் தட்டித் திறக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. ரைஃபிள் உங்களுக்கு ஏதோ சொல்கிறது, அதைக் கேளுங்கள்.

அறிகுறி: கூட்டின் அடிப்பகுதி மட்டும் வந்தது

உடனே நிறுத்துங்கள். கூடு இரண்டாக அறுந்து, மேல்பாதி சேம்பருக்குள் இருக்கிறது. அறுந்த கூட்டை எடுப்பதற்கென்று ஒரு கருவி உண்டு. அது இல்லாமல் அன்று அந்த ரைஃபிளில் வேலை இல்லை.

த்ரீ நாட் த்ரீ தோட்டா அடிவிளிம்பைக் கொண்டு சேம்பரில் நிற்பது. விளிம்புக்கும் போல்ட் முகத்துக்கும் இடைவெளி கூடினால் சுடும்போது கூடு நீண்டு, அடியிலிருந்து சற்று மேலே மெலிந்துபோகும். ஹெட்ஸ்பேஸ் அளவு 0.064 அங்குலத்துக்கும் 0.074 அங்குலத்துக்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது பழைய ராணுவ வரம்பு. அதற்கான அளவியை வைத்துத்தான் பார்க்க முடியும். நம்பர் 4இல் 0, 1, 2, 3 என்று எண்ணிட்ட போல்ட் தலைகள் இதற்காகவே வந்தன. நம்பர் 1இல் அப்படி எண் கிடையாது, ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

அறுவதற்கு முன்பே எச்சரிக்கை கிடைக்கும். கூட்டின் அடிக்குச் சற்று மேலே சுற்றிலும் பளபளப்பான கோடு தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் கொக்கியாக மடித்து, கூட்டின் உள்சுவரில் அடியிலிருந்து மேலே உரசி இழுங்கள். நுனி ஒரு பள்ளத்தில் தட்டினால் அந்தக் கூட்டை நசுக்கி எறியுங்கள். நான் திரும்ப நிரப்பும் ஒவ்வொரு கூட்டையும் இப்படிப் பார்க்கிறேன், நூறு கூட்டுக்குக் கால்மணி நேரம்கூட ஆகாது.

அறிகுறி: சில நேரம் துள்ளுகிறது, சில நேரம் இல்லை

நின்று சுடும்போது சரியாக இருந்து, படுத்துச் சுடும்போது மட்டும் தகராறு செய்தால் ரைஃபிளைத் திட்டாதீர்கள். முழங்கை தரையில் ஊன்றியிருக்கும்போது நம்மையறியாமல் போல்ட்டை முக்கால்வாசிதான் இழுக்கிறோம். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1914க்கு முந்தைய பிரிட்டிஷ் காலாட்படை ஒரு நிமிடத்தில் 15 முறை குறிதவறாமல் சுடப் பழகியது இதே போல்ட்டில்தான். தயங்காமல் கடைசிவரை இழுப்பதில்தான் அந்த வேகம் இருந்தது.

இழுப்பு சரியாக இருந்தும் போல்ட் கரகரவென்று வந்தால், அது ஓடும் தடத்தைத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசுங்கள். பிற்காலத்தில் தொலைநோக்கி பொருத்திய ரைஃபிள்களில் கூடு தாங்கியில் இடித்து உள்ளேயே திரும்பி விழுவதுண்டு. தாங்கியின் அடியில் பித்தளைக் கீறல் இருந்தால் அதுதான் காரணம். தாங்கியை மாற்றுவது தவிர வேறு வழியில்லை.

7.62 ரகம் வைத்திருப்பவர்களுக்கு

இந்தக் குடும்பத்தில் 7.62 நேட்டோ தோட்டாவுக்கு மாற்றியமைத்த ரைஃபிள்களும் உண்டு. அந்தத் தோட்டாவுக்குப் புடைத்த விளிம்பு கிடையாது. பிரிட்டிஷ் ராணுவத்தின் எல்42ஏ1 ஸ்னைப்பர் ரைஃபிளில் மேகசினின் இடது உதட்டில் உள்ள ஒரு பல்தான் கூட்டை இடித்து வெளியேற்றும். அதில் கூடு துள்ளவில்லை என்றால் போல்ட்டைக் கழற்றும் முன் மேகசினைப் பாருங்கள். அந்தப் பல் தேய்ந்திருக்கலாம், அல்லது பல் இல்லாத வேறு மேகசின் மாட்டியிருக்கலாம். மேகசின் இல்லாமல் ஒவ்வொன்றாக ஏற்றிச் சுட்டால் கூடு சோர்ந்துதான் விழும். அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரியானதா என்று பார்ப்பது

முதலில் வீட்டில் காலிக் கூட்டைச் சேம்பரில் போட்டு, நடுத்தர வேகத்தில் போல்ட்டை இழுங்கள். பத்து முறையில் பத்து முறையும் வலது விளிம்பைத் தாண்டி வெளியே விழ வேண்டும். அதே பத்து முறை டம்மி தோட்டாவுடன். அப்புறம் சுடுதளத்தில் முதலில் ஒரே ஒரு தோட்டா. கூட்டை எடுத்து விளிம்பையும் உடம்பையும் பார்த்த பிறகு ஐந்து, பிறகு மேகசின் நிறைய.

என் ரைஃபிளில் இப்போது கூடுகள் வலது பக்கம் இரண்டடி தள்ளி ஒரே இடத்தில் கும்பலாக விழுகின்றன. அங்கே ஒரு பழைய போர்வையை விரித்து வைத்துவிடுகிறேன், பொறுக்குவதும் சுலபம். மூடிப்போன அந்தப் பழைய ஸ்பிரிங்கைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். யாராவது எஜெக்டர் திருகைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரோடு வந்தால், முதலில் அதைத் திறந்து காட்டுகிறேன்.